அராவி எடுத்த பெயர்

காலையில் அந்தப் புதுக் கீறல் இல்லை. ஓட்மாருக்கு நிச்சயமாகத் தெரியும்.

நாஜிக் கட்சிக் குத்துவாளின் பிடிக்குக் கீழே, குறுக்குத் தகட்டின் பின்பக்கம், சொந்தக்காரன் பெயரை யாரோ அரத்தால் அராவியிருந்தார்கள். ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஸோலிங்கனில், இந்த வாள்களை அசலா போலியா என்று பார்த்துச் சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவர் ஓட்மார். ஏமாற்றுக்காரன் வழவழவென்று அழித்துவிட்டு மெழுகு பூசுவான். இதுவோ போரின் கடைசியில் அமெரிக்கர்கள் தெருமுனைக்கு வந்துவிட்ட நாளில் கை நடுங்க நடுங்க அழித்தது. கோணல் கோடுகளில் பழைய கறுப்பு ஏறியிருந்தது. அடியில் பெயரும் மங்கலாகத் தெரிந்தது: ப்ரூன்ஸ். அசல்தான்.

மத்தியானம் ப்ரூன்ஸின் பேத்தி, வாளைச் சோதிக்க அனுப்பியிருந்த ஹைக்கெ, தாய் படுத்திருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டுக் கெஞ்சினாள்.

"போலின்னு சொல்லிடுங்க சார். தாத்தாவுக்கு ரொட்டி சுடறதைத் தவிர ஒண்ணும் தெரியாது, அந்தக் கட்சிப் பக்கமே போகலைன்னு அம்மா ஆயுசு பூரா நம்பிட்டாங்க. சாகக் கிடக்கறாங்க. உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

பிறகு கிழவியின் குரல். "நிஜத்தைச் சொல்லு தம்பி. எங்கப்பாவோடதா?"

"இல்லம்மா. சந்தைச் சரக்கு. போலி."

"நல்லா இருப்பே."

அந்த வாழ்த்தைக் கேட்டு அவருக்கு உடம்பே கூசியது. செத்துப்போனவன் பயந்து அரைகுறையாகச் செய்ததைத் தன் நாக்கு முழுசாகச் செய்துவிட்டதே! சீ, என்ன பிழைப்பு இது.

ஜன்னலுக்கு வெளியே மழை இருட்டிக்கொண்டு வர, வெந்நீர்க் குழாய் எங்கோ முனகி அடங்க, அறைக்குள் சூடான இரும்பின் வாடை மெல்லப் பரவிய நேரத்தில், பழைய கறுப்புக் கோடுகளின் குறுக்கே ஒரு புதுக் கோடு பளிச்சென்று மின்னுவதை லென்ஸில் பார்த்தார். துடைத்துவிட்டுப் பார்த்தார். மூன்று கோடுகள். மேசை விரிப்பில் இரும்புத்தூள்.

சர்ர்... சர்ர்...

யாரும் இல்லை. வாள் தானாகத் தேய்ந்துகொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாமென்று தொலைபேசியை எடுத்தார். எந்த முகத்தோடு சொல்வது? வைத்துவிட்டார். மறுபடி எடுத்தார். வைத்தார்.

பெயரின் கடைசி எழுத்தும் போனது. தகடு வழவழவென்று இருந்தது. ஆனால் சத்தம் நிற்கவில்லை.

தொலைபேசி மணி அடித்தது.

"சார்..." ஹைக்கெ. "அம்மா முகத்துல கோடு கோடா... மூக்கு... ஐயோ, மூக்கு மழுங்குது சார்!"

அவள் குரலுக்குப் பின்னால் அதே சத்தம். சர்ர்... சர்ர்...

"அசல்தாம்மா!" ஓட்மார் கத்தினார். "நான் சொன்னது பொய்! அது உங்க தாத்தாவோடதுதான், ப்ரூன்ஸோடது! அம்மாகிட்டச் சொல்லு!"

"எந்த அம்மா?"

அவள் குரலில் பதற்றமே இல்லை.

"கட்டில்ல யாரோ படுத்திருக்காங்க. யாருன்னு தெரியலை. முகமே இல்லையே. நீங்க யாரு?"

பதில் சொல்ல வாயெடுத்தார். காதில் ஏதோ சுட்டது. ரிசீவரை விலக்கிப் பார்த்தார்.

அதன் துளைகளிலிருந்து தூள் சொரிந்துகொண்டிருந்தது. இரும்பு இல்லை. வெளிர் சிவப்பு. ஈரம். நடுவே, நீளமாக, ஒரு நரைமுடி.