கட்டைவிரல் குழி

பெருமாநல்லூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் அனுசுயா செக்கிங் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு எட்டு மாதம். நின்றபடியே துணியில் ஓட்டை, கறை பார்க்கிற வேலை. மூலை மேஜை ஒன்றுதான் காலியாக இருந்தது. பக்கத்து மேஜை ரோஸ்மேரி அவள் வயிற்றைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாளே கால்கள் வீங்கிப் பளபளத்தன. தலைவலி வேறு மண்டையைப் பிளந்தது.

"மாசமா இருந்தா கால்ல நீர் எறங்கத்தானுங் கண்ணு செய்யும். இதைய இறுக்கிக் கட்டிக்க, வத்திப்போகும்," என்று மூத்த செக்கர் பெரியாத்தாள் வேஸ்ட் குவியலிலிருந்து நீளமான, ரப்பர்போல் இழுபடும் ரிப் துணி ஒன்றை உருவிக் கொடுத்தாள். அந்தக் கம்பெனியில் எந்தக் கால்வலிக்கும் அதுதான் வைத்தியம். நல்ல மனசோடுதான் கொடுத்தாள், அதுதான் வயிற்றெரிச்சல்.

கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சுற்றிக் கட்டிக்கொண்டு அனுசுயா நின்றாள். மத்தியானம் மூன்று மணிக்குக் கரண்ட் போனது. மிஷின்களின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. எங்கிருந்தோ ஈரத்துணியின் முடை வாடை வந்தது.

கட்டுக்குள்ளே ஏதோ அழுத்தியது.

குளிர்ந்த விரல்.

மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். யாருமில்லை. கட்டை அவிழ்த்தாள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரல் அளவில் ஒரு குழி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு மேலே இன்னொன்று விழுந்தது.

பிறகு இன்னொன்று.

குழிகள் வயிற்றை நோக்கி ஏறின.

"அக்கா... என் பிள்ளையத் தொட வருதுக்கா."

ரோஸ்மேரியின் முகம் வெளுத்தது. "ஒச்சம்மா," என்று கிசுகிசுத்தாள். "இதே மேசைதான். நிறைமாசம். இப்படித்தான் கட்டிக்கிட்டு நின்னா. ஜன்னி இழுத்து விழுந்தவ, வயித்துப் பிள்ளையோட போயிட்டா. வா, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

பிரஷர் எகிறியிருந்தது. "ரத்தக் குழாய்ச் சுவர் வழியா நீர் கசிஞ்சு சதையில தேங்குது. கட்டுப் போட்டா இது வத்தாதும்மா," என்றார் டாக்டர். "சாயங்காலம் வரைக்கும் நின்னிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும்."

அன்றைக்கே ஆபரேஷன். பெண் குழந்தை, இருவரும் பிழைத்தார்கள். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்து கால்கள் பழையபடி ஒல்லியாயின. அனுசுயா ஒச்சம்மாளை நினைத்து அழுதாள், கையெடுத்துக் கும்பிட்டாள். தன்னை எச்சரிக்க வந்த வேலை முடிந்து அவள் போயிருப்பாள் என்றுதான் நினைத்தாள்.

ஆனால், முழங்காலுக்கு மேலே ஒரு குழி மட்டும் நிரம்பவில்லை.

குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போதெல்லாம் அது இன்னும் கொஞ்சம் அழுந்துகிறது, யாரோ அங்கே கையூன்றிக் குழந்தையின் முகத்தை எட்டிப் பார்ப்பதுபோல.