ஒரு நாளும் விடாத காய்ச்சல்

காட்டோரத்து ஆய்வு நிலையத்தில் ஜீப் நின்றபோது நல்ல மழை. அத்தான் குடையோடு ஓடிவந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டார். அக்காவின் கணவர், குரங்குகளிடமிருந்து மனிதருக்குத் தாவும் மலேரியாக் கிருமியை ஆராயும் டாக்டர். எங்கள் வீட்டில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவோம். என் அண்ணனுக்கு அங்கே வேலை போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அந்த வேலையில் இருக்கும்போதுதான் அண்ணன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான்.

அவன் வேலையைச் சொன்னால் சிரிப்பு வரும். பொழுது சாயும்போது மரத்தடியில் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உட்கார வேண்டும். காலில் வந்து உட்காரும் கொசுவை, அது கடிப்பதற்குள் குழாயால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். "கொசுவுக்குக் கால் காட்டிச் சம்பளம் வாங்குற ஆளு உலகத்துலயே நான்தான்" என்று ஃபோனில் பீற்றிக்கொள்வான்.

"இது குரங்குக் காய்ச்சல் இல்லம்மா, மனுஷ மலேரியா. வேற எங்கேயோ வாங்கிட்டு வந்திருக்கான். மாத்திரை குடுத்தேன், கேக்கல" என்று அத்தான் சாவு வீட்டில் அழுதார். ரத்த ஸ்லைடுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. அண்ணனின் ஸ்லைடு ஒன்றை எனக்கும் காட்டினார். சிவப்பணுவின் குறுக்கே பட்டையாகக் கிடந்தது கிருமி. குரங்கின் கிருமியும் மனிதக் கிருமி வகை ஒன்றும் பார்வைக்கு அப்படியே ஒன்றுபோல இருக்கும். அத்தான் சொன்னதை நம்பினோம். அவர் அழுததையும் நம்பினோம்.

அண்ணன் இடத்துக்கு இல்லை, ஸ்லைடு பார்க்கத்தான் என்னை அழைத்திருந்தார். அண்ணன் படுத்துக் கிடந்த அறைக்கு அடுத்த அறை எனக்கு. அவன் அறை பூட்டியிருந்தது.

அன்று மாலை மழை விட்டிருந்தது, வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் நேரம். சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புக் கட்டில் மெல்ல ஆடத் தொடங்கியது. ஆட்டம் வேகமானது. பற்கள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம் கேட்டது. கதவிடுக்கு வழியாக, வியர்வையில் ஊறிய போர்வையின் புளித்த நாற்றம் வந்தது.

சமையல்காரரைக் கூப்பிட்டேன்.

"உள்ள யாரு?"

"யாரும் இல்லம்மா." குரலைத் தாழ்த்தினார். "இருட்டுனதும் நின்னுடும். காதுல வாங்காதீங்க."

மறுநாளும் அதே நேரம்.

அதற்கு மறுநாளும்.

பயந்துதான் போனேன். ஆனாலும் தொழில் புத்தி போகாதே. மனித மலேரியாவில் அந்தப் பட்டைக் கிருமி இரண்டு நாள் விட்டு மூன்றாம் நாள்தான் ஆளை நடுக்கும். இது ஒரு நாள்கூட விடவில்லை.

தினமும் வருவது குரங்குக் காய்ச்சல்.

மறுநாள் அத்தான் காட்டுக்குள் போனதும் ஸ்லைடு அலமாரியைத் திறந்தேன். அண்ணனின் ரத்தம், நாளுக்கு ஒன்றாக வரிசையில் இருந்தது. முதல் ஸ்லைடில் தேடினால்தான் கிருமி அகப்பட்டது. போகப்போகப் பெருகி, கடைசியில் எங்கு பார்த்தாலும் அதுதான். மாத்திரை உள்ளே போயிருந்தால் நடுவில் எங்காவது குறைந்திருக்க வேண்டும். எங்குமே குறையவில்லை.

அத்தான் திரும்பி வந்து என் அறையில் டீ கிளாஸோடு உட்கார்ந்தார்.

"அத்தான், அண்ணனுக்கு என்ன மாத்திரை குடுத்தீங்க?"

"சத்து மாத்திரை."

"தெரிஞ்சேவா?"

"சரியான மருந்து குடுத்தா ரத்தம் சுத்தமாயிடும்மா. அந்தக் கிருமி எவ்வளவு வேகமாப் பெருகுதுன்னு அப்புறம் எப்படிப் பாக்குறது? இன்னும் ஒரே ஒரு நாள் பாத்துட்டுக் குடுக்கலாம்னு நெனச்சேன். கை மீறிப்போச்சு."

"தினமும் விரல்ல குத்தினீங்களே. அவன் ஒண்ணும் கேக்கலயா?"

"சரியாயிடுமா மச்சான்னு கேப்பான்."

கேட்டுவிட்டு விரலை நீட்டியிருக்கிறான், பாவி. எங்கள் வீட்டு மாப்பிள்ளை என்ற ஒரே நம்பிக்கையில் நீட்டியிருக்கிறான்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அத்தானின் கையில் டீ கிளாஸ் ஆடியது.

பற்கள் தட்டத் தொடங்கின. அந்தப் புளித்த நாற்றம் இப்போது அவர் சட்டையிலிருந்து வந்தது.

"மாத்திரை... எடும்மா..."

அவர் விரலில் குத்தி ஸ்லைடு போட்டேன். ஓரம் முதல் ஓரம் வரை பார்த்தேன். ஒரு கிருமி இல்லை. மறுநாளும் நடுங்கினார், மறுநாளும் ரத்தம் சுத்தம். நான் போய்ச் சொன்ன புகாரை விசாரிக்க வந்தவர்கள்தான் அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிடைத்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஒன்றுமே இல்லையே, எது குறையும்?

நேற்று அக்காவுக்காகப் பார்க்கப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார். நேரம் வந்ததும் கட்டில் ஆடியது. கட்டிலின் மறுபக்கம், யாரும் இல்லாத இடத்தை அண்ணாந்து பார்த்தார்.

"சரியாயிடுமா?" என்று கெஞ்சினார்.

பிறகு மெல்லக் கையை நீட்டினார். யாரும் குத்தாமலே, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது.