ஏழாம் குழியின் தகடு

1952ஆம் ஆண்டு மாசி மாதத்துக் காலை ஒன்றில் சங்கரன்கோவில் ரயிலடியில் பதினான்கு மாணவர்கள் இறங்கினார்கள். மூவர் இலங்கையர்; இருவர் பர்மியர்; ஒருவன் இங்கிலாந்துக்காரன்; எஞ்சியோர் நம் நாட்டுக் கல்லூரிகளில் வரலாறு பயில்வோர். புதைந்த பழமையைத் தோண்டி எடுக்கும் முறையைப் பேராசிரியர் பார்ட்லெட் என்னும் ஆங்கிலேயர் ஆறு வாரம் அவர்களுக்கு மண்ணில் நின்றே கற்பிப்பதாக ஏற்பாடு. மேலநீலிதநல்லூருக்கு அருகே, முன்பு பருத்தி மூட்டை அடுக்கி, இப்போது ஆளற்றுக் கிடந்த கிட்டங்கி ஒன்று அவர்களுக்கு விடுதியாயிற்று. உள்ளே காலடி வைத்ததும் பழைய பருத்திக்கொட்டையின் எண்ணெய் வாடை எழுந்தது. அதனடியில் மற்றொரு வாடை. வெகுநாள் மூடிக்கிடந்த பானையைத் திறந்தால் வருமே, அது.

அம்மாணவர்களில் ஒருவனான செல்லச்சாமி அதைப் பொருட்படுத்தவில்லை. குருவிகுளத்தில் ஆடு மேய்க்கும் குடும்பத்தில், கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை அவன். பேய் என்பது ஏய்ப்பவன் வாயில் பிறந்து ஏமாந்தவன் காதில் வளர்ந்த பொய் என்று ஊர் ஊராக மேடையேறி முழங்கியவன்.

கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த செம்மண் மேட்டில்தான் பயிற்சி. பண்டை மக்கள் இறந்தோரைக் குந்தவைத்து, முழங்காலை மார்போடு மடக்கி, ஆளுயரத் தாழியில் இட்டுப் புதைத்த மேடு அது. தாழி எங்கே இருக்கிறது என்று காட்டியவர் பேராசிரியரல்லர். இசக்கித்தாய் என்னும் கூலிக்காரி. நாற்பது வயதிருக்கும். மண்வெட்டிக் காம்பால் தரையை மூன்று முறை இடிப்பாள். காதைச் சாய்ப்பாள்.

டொக். டொக். டொக்.

"இங்கன," என்பாள்.

ஒருமுறையும் தவறியதில்லை. ஏழாம் குழியையும் அவள்தான் காட்டினாள், அவள்தான் தோண்டினாள். மாணவர்கள் தாழியைப் படம் வரைந்தார்கள், அளந்தார்கள், எலும்புகளைத் தூரிகையால் துடைத்து வைக்கோலில் பொதிந்து பெட்டியில் அடுக்கினார்கள். அன்று மாலை பேராசிரியரின் பதிவேட்டைப் புரட்டிய செல்லச்சாமி திகைத்து நின்றான். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது. கீழே, 'கூலி, பெண், ஒன்று' என்று எழுதியிருந்தது.

"கையும் இடுப்பும் ஒடிய உழைச்சவளுக்குப் பேரு 'ஒன்று' தானா?" என்று கொதித்தான்.

உடன் பயின்ற நெல்லைநாயகம் சிரித்தான். "ஏலே, இங்கன மைக்கும் இல்ல, கைதட்ட ஆளும் இல்ல. தொண்டையக் காப்பாத்திக்கோ."

தோண்டி முடித்த குழியை மூடுவதற்கு ஒரு விதி இருந்தது. குழியின் எண்ணையும் ஆண்டையும் பொறித்த தகரத் தகடொன்றை அடியில் வைத்து, அதன்மேல் மணல் பரப்பி, பிறகே மண் தள்ள வேண்டும். நூறாண்டு கழித்துத் தோண்ட வருபவன், இது முன்பே திறந்த குழி என்று அறிந்துகொள்வதற்காக. ஏழாம் குழியை மூடும் முறை செல்லச்சாமிக்கு வந்தது. ஏடு மறுத்ததை மண் காக்கட்டும் என்று எண்ணினான். எண்ணைப் பொறிக்கவில்லை. ஆணியால் அழுத்தி அழுத்தி இப்படிப் பொறித்தான்:

இசக்கித்தாய். 1952.

குழியை மூடினான். மறுநாள் காலை, பரிசு கொடுப்பவனைப் போல அவளிடம் சொன்னான்.

இசக்கித்தாய் மண்கூடையை இறக்கி வைத்தாள்.

"எம் பேரையா? உள்ள வச்சா மூடுனிய?"

"ஆமாக்கா. இனி ஆயிரம் வருசமானாலும் ஒம் பேரு அழியாது."

"தம்பி..." அவள் குரல் தாழ்ந்தது. "ஒரு ஆளு இருந்த எடத்தக் காலி பண்ணிட்டிய. காலி எடத்துல எம் பேர எழுதி மூடிட்டிய. அந்த எடம் இனி யாரத் தேடும்?"

அவன் சிரித்தான். மேடையில் பேசியதையெல்லாம் அவளுக்கும் பேசினான். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "நீங்க சொல்லுதது சரியாத்தான் இருக்கும். ஆனா அத எடுத்துருங்க ய்யா. சித்திரையில எம் மவ கோமதிக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்."

அவன் எடுக்கவில்லை.

குழியை மூடிய இரண்டாம் நாள் அவள் நொண்டி வந்தாள். முழங்கால் நீளவில்லை என்றாள். குனிந்து வெட்டியவளால் நிமிர முடியவில்லை. அவள் பேசினால் பானைக்குள் வாய் வைத்துப் பேசுவதைப் போல ஒலித்தது. நெல்லைநாயகம்கூடச் சிரிக்கவில்லை.

"எடுத்துக் குடுத்துருலே," என்றான் மெல்ல. "நம்புதமோ இல்லையோ, அவளுக்காக."

செல்லச்சாமி பேராசிரியரிடம் ஓடினான். மூடிய குழியைத் திறப்பது பயிற்சியின் முதல் குற்றம் என்றார் அவர். திறந்தால் அன்றே ரயிலேற வேண்டும் என்றார். அன்றிரவு முழுவதும் அவன் தன் படிப்பை நினைத்தான். ஆட்டை விற்றுத் தன்னை அனுப்பிய தந்தையை நினைத்தான். விடிந்த பிறகுதான் அவள் முழங்காலை நினைத்தான்.

மூன்றாம் நாள். உச்சி வெயில். எல்லாரும் கிட்டங்கியில் உண்டுகொண்டிருந்தார்கள்.

அவன் மண்வெட்டியோடு மேடேறினான். இசக்கித்தாய் அங்கே முன்பே வந்திருந்தாள். ஏழாம் குழியின் விளிம்பில் குந்தியிருந்தாள்.

"எடுத்துருவியளா?"

"எடுக்கேன்க்கா. இந்தா, இப்பவே."

வெட்டினான். இடுப்பளவு வெட்டினான். மார்பளவு வெட்டினான். மூடும்போது அவன் தள்ளிய மண் அவ்வளவில்லை. ஆயினும் மண் வந்துகொண்டேயிருந்தது. காற்று நின்றது. காக்கை கத்தவில்லை. அந்தப் பானை வாடை மட்டும் எழுந்தது.

டொக். டொக். டொக்.

"அக்கா, தட்டாத. பயமாருக்கு."

மேலிருந்து விடை வரவில்லை.

டொக். டொக். டொக்.

ஒலி மேலிருந்து வரவில்லை. அவன் பாதத்தின் கீழிருந்து வந்தது.

வெறிகொண்டு கையாலேயே தோண்டினான். நகம் பிய்ந்தது. மணல் தட்டுப்பட்டது. தகடு தட்டுப்பட்டது. உருவி எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தான்.

அதில் ஆண்டு இருந்தது.

பெயர் இல்லை.

தேய்த்த தடமில்லை, கீறல் இல்லை. பெயர் பொறித்த இடமெல்லாம் கடையில் வாங்கிய அன்று போல வழுவழுத்தது.

"அக்கா! எடுத்துட்டேன்! வெளிய எடுத்துட்டேன்க்கா!"

ஏறி வந்து அவள் தோளைத் தொட்டான். கொதிக்கும் வெயிலில் அந்தத் தோள் ஈரப் பானையாய்க் குளிர்ந்திருந்தது. முழங்கால்கள் மார்போடு ஒட்டியிருந்தன. முகம் முழங்காலில் கவிழ்ந்திருந்தது. நிமிர்த்தினான். இதழ் பிரிந்து, வாயிலிருந்து மணல் வழிந்தது.

வழிந்துகொண்டேயிருந்தது.

வெயில் தாக்கிய மரணம் என்று ஏட்டில் எழுதினார்கள். அங்கும் அவளுக்குப் பெயரில்லை. உறவினர் நால்வர் சேர்ந்து இழுத்தும் கால்கள் நீளவில்லை. படுக்கவைக்கும் பாடையில் அவளைக் குந்தவைத்தே தூக்கிப் போனார்கள். தாயைப் பின்தொடர்ந்து ஓடிய கோமதி, ஏன் அம்மா உட்கார்ந்தே போகிறாள் என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். செல்லச்சாமியையும் கேட்டாள்.

சித்திரையில் சங்கரன்கோவிலில் ஒரு பொதுக்கூட்டம். அவன் மறுத்தும் தோழர்கள் விடவில்லை, ஏற்றிவிட்டார்கள். பச்சைப் பலகைகளை அடுக்கிய மேடை. எதிரே ஆயிரம் முகங்கள். மனப்பாடமான சொற்கள் தாமே வந்தன.

"தோழர்களே! பேய் என்பது..."

காலடியில், பலகைக்குக் கீழே, மண்ணுக்கும் கீழே:

டொக்.

அவன் நிறுத்தினான். கூட்டம் கைதட்டியது, அழகான இடைவெளி என்று எண்ணியது.

டொக். டொக்.

கைதட்டல் அடங்கிய அமைதியில், பானைக்குள் வாய் வைத்துப் பேசும் அந்தக் குரல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னது:

"இங்கன."