காலினாவின் வீட்டைத் தின்ற நாரை

"உன் நாரை எங்க வீட்டைத் தின்னுடுச்சுடா!"

"தின்னல! மேல பறந்துச்சு, அவ்வளவுதான்!"

"எங்க பால்கனியைக் காணோம். உங்கம்மா துணி காயப்போட்ட கொடியையும் காணோம். நல்லாப் பாரு!"

பள்ளிக் கணினி அறையில் போட்ட சத்தம் எதிரே இருந்த எங்கள் அடுக்குமாடி வரை கேட்டது. ப்ளோவ்திவ் நகரத்திலேயே எங்கள் கட்டடத்துக்குத்தான் காது நீளம்.

காலினா குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, எங்கள் தெருவைப் புள்ளி புள்ளியாகத் திரையில் வரைந்திருந்தாள். அதன்மேல் ஒரு நாரையைப் பறக்கவிடுவது, அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருந்த ஸ்டோயிலின் வேலை. அவன் நாரை ஒவ்வொரு முறை நகரும்போதும், பழைய நாரையைக் கறுப்பால் அழித்துவிட்டுப் புதிய இடத்தில் இன்னொன்றை ஒட்டினான். நாரை போன வழியெல்லாம் கறுப்புப் பட்டை. தெருவை யாரோ தார் பூசி மூடியதுபோல் இருந்தது.

தோன்சேவா டீச்சர் எட்டிப் பார்த்தார். "நாளைக்குச் சாயங்காலம் அப்பா அம்மா எல்லாரும் இதைப் பார்க்க வர்றாங்க. மதியத்துக்குள்ள சரியாகலேன்னா தெருவை எடுத்துடலாம். கறுப்பு வானத்துல நாரை மட்டும் பறக்கட்டும்."

"என் தெருவையா?" என்றாள் காலினா.

"இனிமே உங்கிட்டப் பேசவே மாட்டேன்," என்று ஸ்டோயிலிடம் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜன்னலுக்குப் போனாள், கதவுக்கு வந்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

"உக்காந்து சாப்பிடுடி, தரை தேயுது!" என்றார் அம்மா.

கீழே, தரைத்தளத்தில் குடியிருந்த ஷெல்யாஸ்கோ மாமாவின் பழைய கார் வந்து நின்றது. மாமா இறங்கினார். தன் இடத்தை யாரும் பிடித்துவிடாமல் இருக்க அங்கே அவர் வைத்திருந்த பீர் பெட்டியைத் தூக்கி டிக்கியில் போட்டார். காரை அங்கே நிறுத்தினார்.

இரண்டாம் மாடியில் தனியாகக் குடியிருந்த பென்கா அத்தை அங்கிருந்தே கத்தினார். "தெருவை உங்கப்பாவா வாங்கி வச்சாரு?"

"தெருவை வாங்கல, பெட்டியைத்தான் வாங்கினேன்!"

வழக்கமான கச்சேரிதான். கொஞ்ச நேரத்தில் மாமா மறுபடி கிளம்பினார். காரை வெளியே எடுத்தார், பெட்டியை எடுத்து அதே இடத்தில் வைத்தார், காலால் தள்ளி நேராக்கினார்.

ஜன்னலில் இதைப் பார்த்த காலினாவின் கால்கள் அப்போதுதான் நின்றன. அடுத்த நொடி படியேறி ஓடின.

ஸ்டோயில் கதவைத் திறந்தான். கண் சிவந்திருந்தது. "வெங்காயம் உரிச்சேன்," என்றான்.

"நான் கேக்கவே இல்லியே. இங்க பாரு, மாமா பெட்டி மேல காரை ஏத்துறாரா? எடுத்து வச்சுக்கிட்டு, போகும்போது திருப்பி வைக்கிறாரு. உன் நாரையும் அப்படிச் செய்யட்டும். அது நிக்கிற இடத்துல இருக்கிற என் தெருவைப் படம் பிடிச்சு வச்சுக்கோ. நாரை நகரும்போது கறுப்பு பூசாதே. பிடிச்சு வச்சதை அதே இடத்துல ஒட்டு!"

ஸ்டோயில் வாயைப் பிளந்தான். "பேச மாட்டேன்னியே?"

"இது பேச்சில்ல, வேலை."

மறுநாள் காலையில் ஓட்டிப் பார்த்தார்கள். கறுப்பு போய்விட்டது, ஆனால் பால்கனிக்குப் பால்கனி ஒரு நாரை ஒட்டிக்கொண்டு நின்றது.

"ஐயோ, குடும்பத்தோட வந்துடுச்சு!" என்றான் ஸ்டோயில்.

காலினா உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "நாரையை வச்ச பிறகா படம் பிடிச்ச? அப்போ நாரையும்தானே படத்துல விழும்! காரை நிறுத்தினப்புறம் அடியில இருந்து பெட்டியை உருவ முடியுமா? முதல்ல எடுடா!"

முதலில் எடுத்தான். நாரை பறந்தது. அது கடந்ததும் பால்கனி திரும்பி வந்தது, கொடியும் வந்தது, கொடியில் துணியும் வந்தது.

"தெரு இருக்கட்டும்," என்றார் டீச்சர்.

சாயங்காலம் அறை நிரம்பியது. நாரைப் படத்தின் கறுப்புப் பின்னணி மட்டும் அதைச் சுற்றி ஒரு கட்டமாகக் கூடவே போனது. "பாவம், குளிருது. போர்வை போத்திக்கிட்டு வந்திருக்கு," என்றார் பென்கா அத்தை. எங்கள் ஊர் வழக்கப்படி மார்ச் மாதம் கட்டிக்கொண்டு, வசந்தத்தின் முதல் நாரையைப் பார்க்கும்வரை அவிழ்க்கக் கூடாத சிவப்பு வெள்ளை நூல் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் இருந்தது. திரையில் வந்த நாரை கணக்கில் சேருமா என்று அடுத்த சண்டை தொடங்குவதற்குள், காலினா தன் நூலை அவிழ்த்துவிட்டாள்.

இவர்கள் இருவரும் பிற்காலத்தில் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று எங்கள் கட்டடமே முடிவு கட்டியது. அவர்களைத்தான் யாரும் கேட்கவில்லை. ஸ்டோயில் கனடா போனான். காலினா வர்னாவில் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டாள்.

யாரும் எதிர்பாராத கல்யாணம் ஷெல்யாஸ்கோ மாமாவுக்கும் பென்கா அத்தைக்கும்தான். சாமானை ஏற்றிக்கொண்டு இருவரும் பர்காஸுக்குக் குடிபோன அன்று, மாமா காரை வெளியே எடுத்துவிட்டு, இறங்கிப் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்தார்.

பென்கா அத்தை அதைக் காலால் தள்ளி நேராக்கினார்.