கறுப்புச் சதுரத்தின் பின்னால் கஜீவன்

மனித நாகரிகம் இதுவரை சந்தித்த ஆபத்துகளில் ஆகப் பெரியது, முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடும்போது ஆளுக்காள் முகம் பார்ப்பதுதான். பெற்றோல் வரிசை, மின்வெட்டு, விலைவாசி எல்லாம் இதற்குப் பிறகு.

இதைக் கஜீவன் பகிடிக்குச் சொல்லவில்லை. இரண்டு பக்கத்தில் எழுதி, அச்சடித்து, பொலித்தீன் உறையில் போட்டு, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸில் கொண்டுபோய்க்கொண்டிருந்தான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருந்து பீற்றர் என்பவர் இணையத்தில் ஒரு காட்ஸ் தளம் நடத்துகிறார். நாலு பேர் ஒரு மேசை. எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. ஜாக்தான் ஆகப் பெரிய காட்ஸ். கொழும்பிலிருந்தும் விளையாடலாம், கனடாவிலிருந்தும் விளையாடலாம். குரல் கேட்கும், முகம் தெரியாது. அதில் கஜீவன் பதினாலு மாதமாக முதலாம் இடம். இப்போது வீடியோவையும் சேர்க்கலாமா என்று கேட்டு, கெட்டிக்கார விளையாட்டுக்காரர்களை அன்று மூன்று மணிக்கு பீற்றர் கூப்பிட்டிருந்தார்.

மழை. பஸ் கண்ணாடியெல்லாம் மூடி, உள்ளே ஈரக் குடைகளின் மணம். "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று நடத்துநர் எல்லோரையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். கஜீவன் கடைசி நேரப் பயிற்சியாகப் போனில் ஒரு ஆட்டம் தொடங்கினான். கையில் வந்த காட்ஸைப் பார்த்து மூச்சை அடக்கினான்.

"ரெண்டு ஜாக் வந்திருக்குப் போல…"

பக்கத்து ஸீற்றில் ஒரு பெண். நனைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு நேரே முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ர போனைப் பாத்தனீங்களோ?"

"இல்ல. உங்கட காதப் பாத்தேன். ரெண்டும் சிவந்திட்டு."

அவள் திரும்பினாள். ஒரு பார்வைதான். கஜீவன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பிறகுதான் நினைவு வந்தது, காதை மூட வேண்டியிருந்தது என்று…

வீட்டில் அவனோடு யாரும் காட்ஸ் விளையாட மாட்டார்கள். அவனை வெல்வது அவ்வளவு சுலபம் என்பதால் அவர்களுக்கு அலுத்துவிட்டது. அவன் முகம் எதையும் உள்ளே வைத்திருக்காது. முகமில்லாத ஒரே இடத்தில்தான் அவன் ராசா. அந்த இடத்திலும் கமரா வந்தால்…? உறைக்குள் இருந்த இரண்டு பக்கத்தில் இது மட்டும் இல்லை.

அவள் இறங்கிய தரிப்பிலேயே அவனும் இறங்கினான். அவள் ஏறிய மாடிப்படியிலேயே அவனும் ஏறினான். அவள் பெயர் லவினா என்றும், கொட்டாஞ்சேனைக்காரி என்றும், வீடியோ வேண்டும் என்று முதன்முதலில் எழுதிக் கேட்டதே அவள்தான் என்றும் பீற்றர் அறிமுகப்படுத்தினார்.

கஜீவன் எழுந்து வாசித்தான். முகம் இருந்தால் கண் இருக்கும், கண் இருந்தால் கண்ணடிப்பு இருக்கும், கண்ணடித்தால் சோடிக்குச் சோடி கள்ளக் குறி காட்டுவார்கள், அத்தோடு விளையாட்டு செத்தது என்றான். சிலர் தலையாட்டினார்கள்.

லவினா எழுந்தாள். கையில் கடதாசி இல்லை.

"ரெண்டு வருஷமா என்னோட விளையாடுற ஆக்கள், ரோட்டில கண்டா எனக்கு யாருண்டே தெரியாது. அது விளையாட்டு மாதிரி இல்ல, பேங்க்ல கியூவில நிக்கிற மாதிரி." பிறகு கஜீவன் பக்கம் பார்த்தாள். "இவருக்குக் களவப் பத்திக் கவலையில்ல. நல்ல காட்ஸ் வந்தா இவருக்குக் காது சிவக்குது. அதுதான் பிரச்சினை."

மாடி முழுக்கச் சிரிப்பு. பீற்றர்கூட இருமுவதுபோல் சிரித்தார். கஜீவனுக்குக் காது மட்டுமல்ல, கழுத்தும் சிவந்தது. இந்தப் பெண்ணை வாழ்நாள் முழுக்க வெறுப்பது என்று அங்கேயே முடிவெடுத்தான். ஆனால் அந்தக் கண்கள்… சரி, அது வேறு விசயம்.

இரண்டு கிழமை பரீட்சித்துப் பார்ப்போம், விரும்பியவர் கமராவைப் போடலாம், பிறகு உங்கள் அறிக்கைகளைப் பார்த்து முடிவெடுப்பேன் என்றார் பீற்றர். எதிரும் புதிருமான இருவரும் ஒரே சோடியாக இருந்தால்தான் நியாயம் என்று கஜீவனையும் லவினாவையும் சேர்த்தும் விட்டார்.

மாலை ஏழு மணிக்கு மேசை. எதிரணியில் கனடா மாமாமார் இருவர், காலைத் தேநீரோடு. அதில் ஒருவருடைய கமரா எப்போதும் அவர் நெற்றியை மட்டுமே காட்டும். கஜீவன் கமரா போடவில்லை. பெயர் எழுதிய ஒரு கறுப்புச் சதுரம், அவ்வளவுதான். எதிரே லவினா, முழு வெளிச்சத்தில்.

அவள் யோசிக்கும்போது கண்கள் மேலே போகும். முகட்டில் யாரோ எழுதியதை வாசித்துவிட்டு மெல்ல இறங்கி வரும். மழை விட்டபின் இலை நுனியில் ஒரு துளி, விழவா வேண்டாமா என்று நிற்குமே… அப்படி ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் கஜீவன் துரும்புக் காட்ஸால் வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் இருப்பான். முதல் கிழமை முடியும்போது அவன் ஒன்பதாம் இடம்.

ஏன் தோற்கிறேன்? அவனுக்கு விளங்கவில்லை. படுத்தால் விளங்கவில்லை, குளித்தால் விளங்கவில்லை. இதை விஞ்ஞானபூர்வமாக ஆராய வேண்டும் என்று ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்போதுதான் கண்டுபிடித்தான்: அவள் அடிக்கடி இடது காதுத் தோட்டைத் தொடுகிறாள். ஒரே நாளில் பதினொரு தரம். அதில் நாலு தரம் அவளிடம் ஜாக் இருந்தது. மிச்சம் ஏழையும் அவன் பெரிதாக எடுக்கவில்லை.

கள்ளக் குறி.

பீற்றருக்கு எழுதினான். தனக்கு உதவி செய்ததற்காகத் தன் சோடிமீதே முறைப்பாடு செய்த முதல் மனிதன் தான்தான் என்பது அனுப்பிய பிறகும் அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு லவினா வரவில்லை. பீற்றர்தான் போன் எடுத்தார்.

"தம்பி, களவெண்டு முறைப்பாடு வந்தா ஆளுக்குக் காட்டித்தான் ஆகோணும். வாசிச்சவ. ஒண்டும் கதைக்கேல்ல, கணக்கை மூடச் சொல்லிட்டா. வீடியோவும் வேண்டாமாம். இனி என்ன, நீங்கதான் வெண்டீங்க."

ஓம், வென்றுவிட்டான். அந்தக் கிழமையே திரும்ப முதலாம் இடம். ஏழு மணிக்கு எதிரே யாரோ ஒருவருடைய பெயர். அவன் முகட்டைப் பார்த்தான். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வெள்ளவத்தையின் காலி வீதி வாகன இரைச்சலெல்லாம் கேட்டது, ஒரு குரல் மட்டும் கேட்கவில்லை…

முறைப்பாட்டைத் திரும்ப எடுத்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும், கணக்கை மூடமுன் ஒரே ஒரு தரம் வரச் சொல்லுங்கள் என்று பீற்றரைக் கெஞ்சினான்.

வந்தாள். கமரா இல்லாமல். 'லவினா' என்று எழுதிய ஒரு கறுப்புச் சதுரம்.

அவள் கோபமா, அழுகிறாளா, தேத்தண்ணி குடிக்கிறாளா… ஒன்றும் தெரியவில்லை. ஒரு சதுரத்துக்கு முன்னால் எப்படி இருப்பது என்றே கஜீவனுக்குத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது?

"சொல்லுங்க," என்றது சதுரம்.

"அந்தத் தோடு… நான் பிழையா விளங்கிட்டன்."

"என்னண்டு விளங்கினீங்க? நீங்க பாக்குறீங்கண்டு தெரியும். என்னத்தப் பாக்குறீங்கண்டு தெரியாது. ஒவ்வொரு நாளும் ஆறரைக்கே தல சீவிட்டு வந்து, ஒரு கறுப்புப் பெட்டிக்கு முன்னால இருக்கேன். கை எங்கயாவது போகத்தானே வேணும். அதப் போய்க் களவுண்டு எழுதிட்டீங்க."

ஆறரைக்கே… தலைசீவி… கஜீவனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ தடுக்கி விழுந்தது.

"நான் தோத்தது உங்கட குறியால இல்ல லவினா. உங்களைப் பாத்துக்கொண்டிருந்ததில, என்ர கையில என்ன காட்ஸ் எண்டு பாக்க மறந்துபோனன். ஒவ்வொரு நாளும்." மூச்சு எடுத்தான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரெண்டு பக்கத்தில எழுதத் தெரியேல்ல. இவ்வளவுதான்."

சதுரம் அசையவில்லை. சதுரம் எப்படி அசையும்?

"இது உண்மையா, இல்ல கணக்க மூடாம இருக்கச் சொல்லுறதா…" அவள் மெல்லக் கேட்டாள். "எனக்கு எப்பிடித் தெரியும்?"

கஜீவன் போனை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்தான். சேர்ட்டின் நுனியால் கமராவைத் துடைத்தான். பிறகு, இத்தனை நாளாகத் தொடாத அந்தச் சின்னக் கமராப் படத்தை அமத்திவிட்டு, கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் இருந்தான்.