பட்டுவும் அம்மாவும்

கோடு இறங்கித்தான் ஆக வேண்டும். எந்த வீடியோவாக இருந்தாலும் தொடக்கத்தில் கூட்டமாக வருகிறவர்கள் போகப் போக நழுவிவிடுவார்கள். அதனால், யார் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் வரைபடத்தில் கோடு எப்போதும் சறுக்குமரம் மாதிரி கீழே வழுக்கிக்கொண்டு வரும். இந்த ஒரு வீடியோவில் மட்டும் நடுவில் ஒரு மேடு எழும்பி நின்றது. பார்க்கிறவர்கள் பின்னால் தள்ளித் தள்ளி அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் அப்படி வரும்.

பட்டு அழுகிற இடமாகத்தான் இருக்கும் என்று அவளுடைய அம்மா நினைத்தாள். நினைத்த உடனே வெட்கமாக இருந்தது.

சாயங்காலம். மழை விடுவதும் தூறுவதுமாக இருந்தது. நாற்காலி முதுகுகளில் போட்டிருந்த காயாத துணிகளின் ஈர வாடை, முனகி முனகி அடங்கும் பிரிட்ஜ், உள்ளே தன் அறையில் பட்டு பழைய போனில் பார்த்துக்கொண்டிருந்த கார்ட்டூனின் கீச்சுக் குரல், இவற்றுக்கு நடுவே சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். 'பட்டுவும் அம்மாவும்' சேனலை ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பட்டுவுக்குக் காய்ச்சல் என்றால் அவர்களுக்கும் தூக்கம் போனது. வெளியூரில் வேலை பார்க்கும் அவள் கணவன்கூட மகளை அதிகம் பார்த்தது அந்தச் சேனலில்தான்.

மேடு எழுந்தது, குழந்தையை ஏமாற்றி எடுத்த 'அம்மாவைக் காணோம்' பிராங்க் வீடியோவில். ஹால் ஷெல்ஃபில் பழைய போனைப் படம் பிடிக்க விட்டுச் சாய்த்து வைத்து, புதுப் போனோடு இவள் துணி அலமாரிக்குள் ஒளிந்துகொண்டாள். பட்டு வீடு முழுக்கத் தேடினாள். முதலில் விளையாட்டுக்குக் கூப்பிட்டாள், அப்புறம் பயந்து கூப்பிட்டாள், அப்புறம் மூச்சு வாங்க வாங்க விக்கினாள். வெளியே போ என்று மனசு சொன்னது. நல்லா வருது, இன்னும் கொஞ்சம் என்று கை கேமராவை இறக்காமல் பிடித்திருந்தது. திடீரென்று அழுகை தானாகவே நின்றுவிட்டது. வெளியே வந்து பார்த்தால் குழந்தை சோபாவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். கட்டிப்பிடித்து அழுகிற முடிவு இல்லாமல் வீடியோ எடுபடாது. அதனால் பட்டுவை மறுபடி மறுபடி ஓடிவரச் சொல்லி அந்த அணைப்பை எடுத்தாள். உலகமே பார்த்து உருகியது. இவளைப் பெற்றவள் மட்டும் போனில், "பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறியே, நல்லாவாடி இருக்கு?" என்றாள். உண்மை சுட்டதால் அப்புறம் தன் அம்மாவுக்குப் போன் செய்வதையே நிறுத்திவிட்டாள்.

அன்றிலிருந்து பட்டு அடம் பிடிப்பதில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள், சொன்னபோது சிரித்தாள். அதுவரை 'வா, போ' என்று மிரட்டிக்கொண்டிருந்தவள் இவளை 'வாங்க, போங்க' என்றாள். என்ன மரியாதை, என்ன வளர்ப்பு என்று கமெண்டில் இதயங்கள் குவிந்தன. அம்மா என்று கூப்பிடுவதைத்தான் விட்டுவிட்டாள். அதை யாரும் கவனிக்கவில்லை. இவள் கவனித்தாள், கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மேட்டின் மீது கர்சரை வைத்தாள். அழுகை இல்லை. அழுகைக்கு அப்புறம் வரும் துண்டு. அணைப்புக்கு முன்னால் ஒரு சோகம் இருக்கட்டும் என்று இசை போட்டு இவளே ஒட்டியது. ஹாலின் நடுவில் விக்கிக்கொண்டிருந்த பட்டு சட்டென்று வாயை மூடி அண்ணாந்து பார்க்கிறாள். பெரியவர்கள் பிடித்து அழைத்துப் போகும்போது குழந்தைகளின் கை உயருமே, அப்படி வலது கையைத் தூக்கியபடி சோபாவுக்கு நடக்கிறாள். உட்கார்கிறாள். பக்கவாட்டில் சாய்கிறாள். சாய்ந்தவள் விழவில்லை.

பக்கத்து மெத்தை அமுங்கியிருந்தது.

வெளிச்சம் செய்யும் வேலை என்று சொல்லிக்கொண்டாள். இசை போடாத மூலப் பதிவைத் தேடி எடுத்து, இயர்போனை மாட்டிக்கொண்டு, ஒலியைக் கூட்டினாள். விசும்பல் சத்தம். மின்விசிறியின் இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல், தூங்க வைக்கும்போது வரும் தாழ்ந்த குரல்.

"அம்மா இங்கதாண்டா இருக்கேன்."

அவளுடைய குரல்.

ஆனால் அவள் அலமாரிக்குள் அல்லவா இருந்தாள். அலமாரிப் பதிவையும் திறந்தாள். அதே நேரம், அதே அழுகை, கதவிடுக்கின் வழியாக. அதற்கு மேல், மைக்குக்கு வெகு அருகில், வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தி சிரிக்கும் சத்தம். குழந்தை தொண்டை கிழியக் கத்துகிறது, இவள் தோள் குலுங்கச் சிரிக்கிறாள். இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது மட்டும்தான் ஆறுதல். அந்த ஆறுதலை நினைத்தும் அவள் குறுகிப்போனாள். பயம்கூட அப்புறம்தான் வந்தது.

இயர்போனைக் கழற்றியபோது கார்ட்டூன் சத்தம் நின்றிருந்தது.

மேசையில் போன் அதிர்ந்தது. கணவன்.

"லைவ் பாத்துட்டு இருக்கேன்," என்றான். "பட்டு இப்படிச் சிரிச்சு எவ்ளோ நாளாச்சு. அந்த பிராங்க்குக்கு உன்னைத் திட்டணும்னு நெனச்சிருந்தேன், போகட்டும். ஆமா, மடியில இவள வச்சுக்கிட்டு எப்படி போன எடுத்த?"

அவள் அழைப்பைத் துண்டித்தாள். பழைய போனில் சேனலின் கணக்கை மூடாமல் அப்படியே குழந்தையின் கையில் கொடுத்தது ஞாபகம் வந்தது. எதையோ அமுக்கியிருப்பாள், அவ்வளவுதான். தன் போனில் சேனலைத் திறந்தாள். மூலையில் சிவப்பு எழுத்தில் 'லைவ்' என்றிருந்தது.

பட்டுவின் அறை. கட்டில். கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் மடியில் பட்டு. அந்தப் பெண்ணின் முகம் திரைக்கு மேலே வெட்டுப்பட்டிருந்தது. உடுத்தியிருந்தது இவள் இப்போது உடுத்தியிருந்த அதே உடை, தோளில் பிரிந்திருந்த அதே தையல். விரல்கள் பட்டுவின் தலைமுடியை மெல்லக் கோதிக்கொண்டிருந்தன. இவள் அப்படிக் கோதியது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஓடிப்போய் அறைக் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினாள்.

போனில் அந்தத் தட்டல் சத்தமே இல்லை. மடியில் பட்டு சிரித்துக்கொண்டிருந்தாள். தட்டி ஓய்ந்து கையை எடுத்த பிறகுதான் போனிலிருந்து அந்தத் தட்டல் கேட்டது. லைவ் எப்போதும் சற்றுப் பின்தங்கித்தான் வரும். பார்ப்பது எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்தது.

திரையில் பட்டு கதவைப் பார்த்தாள்.

"அம்மா, யாரும்மா அது?"

"வீடியோ எடுக்கறவங்கடா."

"உள்ள விடாதம்மா."

"மாட்டேன்."

"பட்டு," என்றாள். "பட்டு, அம்மா இங்க இருக்கேன்டா. தப்புதான்டா. அம்மா பண்ணினது தப்புதான். இனிமே எடுக்கவே மாட்டேன். கதவத் தொறடா." பெற்ற பிள்ளையிடம் முதல் தடவையாக மன்னிப்புக் கேட்டாள், அதுவும் கதவிடம்.

கதவு திறந்துகொண்டது.

கட்டிலுக்குப் பாய்ந்தாள். யாருமில்லை. போர்வையை உதறினாள். கட்டிலுக்கு அடியில் இல்லை. ஜன்னல் சாத்தியபடி இருந்தது. விரிப்பு சூடாக இருந்தது. தலையணையில் சாய்த்து வைத்திருந்த பழைய போன் இவளையே படம் பிடித்துக்கொண்டிருந்தது.

கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

அதில் இன்னும் கதவு திறக்கவில்லை. இவள் கெஞ்சுவது கேட்டது. அந்தப் பெண் பட்டுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தாள். கதவுப் பக்கம் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். இப்போது முகம் தெரிந்தது. இவளுடைய முகம். ஆனால் அழுதழுது வீங்கிய முகம், குழந்தைக்காக அழுத முகம்.

கதவு திறந்தது. திரையில் இவள் உள்ளே பாய்ந்தாள். அவர்கள் இருவரும் இவள் தோளை உரசிக்கொண்டு வெளியே போனார்கள். பட்டு அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"பட்டு!"

ஹாலில் சத்தமில்லை. பிரிட்ஜ்கூட அடங்கியிருந்தது. வாசல் கதவு திறந்துகிடக்க, மழைக் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

திரையில், காலிக் கட்டிலின் முன்னால், கையில் போனோடு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். கீழே கமெண்டுகள் ஏறத் தொடங்கின.

யார் இந்தப் பொம்பளை?

குழந்தை ரூம்ல இவளுக்கு என்ன வேலை?

பட்டு அம்மா, சீக்கிரம் வாங்க. உங்க வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க.