வெள்ளைக்குக் கீழே

எண்ணெய் வண்ணம் ஒரே இரவில் காயாது. அதிலும் வெள்ளை, வாரக்கணக்கில் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். ஆனால் நேற்று மாலை அவள் பூசிய வெள்ளை, விடிந்து பார்த்தபோது ஆறிய பாலில் ஆடை படிந்ததுபோல் மெல்லிய தோல் கட்டியிருந்தது. விரல் வைத்தாள். ஒட்டவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

ஹீட்டர் சூடாயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஹீட்டரோ பழுதாகிக் கிடந்தது.

சலவைக்கடைக்குப் பின்னால், சோப்புத் தூளும் டர்பன்டைனும் கலந்து மணக்கும் அந்த ஒற்றை அறையில்தான், பிழைக்க இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் வரைகிறாள். விடுதி அறைகளைத் துடைத்துவிட்டு வந்து, இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கத் தெறிக்க நின்று வரைந்து, இப்போதுதான் முதல் கண்காட்சி கூடி வந்திருந்தது. அது நடந்தால் ஓவியர் என்ற தகுதியில் இங்கே நிரந்தரமாகத் தங்கலாம். மகளை அழைத்துக்கொள்ளலாம். நடக்கப் பழகிய வயதில் தங்கையிடம் விட்டுவந்த பிள்ளை. போனில் கேட்கும் குரலுக்கும் தங்கை அனுப்பும் படங்களுக்கும் ஏற்ப அந்த முகத்தை வருடாவருடம் வளர்த்து, கித்தானில் ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தாள்.

கண்காட்சி வைக்கும் கலைக்கூடக்காரர் நேற்று அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "பொண்ணை எடுத்துடுங்க. காலி நாற்காலி போதும். அப்பதான் பாக்கறவங்களுக்கு வயித்தைப் பிசையும்."

வேண்டாத ஈர வண்ணத்தைக் கத்தியால் வழித்தெடுத்த பிறகே மேலே பூசவேண்டும். தொழில் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பெற்ற பிள்ளையின் முகத்தில் கத்தி வைக்க அவளுக்குக் கை வரவில்லை. அப்படியே மேலே வெள்ளையைப் பூசி மூடிவிட்டாள்.

காலையில் தங்கையை அழைத்தாள். போனை எடுத்ததுமே பின்னாலிருந்து "அம்மாவா? குடு சித்தி" என்று முந்திக்கொள்ளும் குரல் இன்று இல்லை.

"என்னக்கா, கண்காட்சியெல்லாம் வெச்சு பெரிய ஆளாயிட்டியாமே. இனிமே நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா?"

"பாப்பாகிட்ட குடுடி."

"எந்தப் பாப்பா?"

"விளையாடாத. தூங்கறாளா?"

தங்கை சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, குரல் தணிந்தது. "அக்கா, நம்ம வீட்டுல ஏது பாப்பா? ஒண்டியாவே கிடந்து என்னமோ ஆயிடுச்சு உனக்கு. சாப்பிட்டியா நீ?"

போனில் சேர்த்துவைத்த மகளின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பள்ளி வாசல். ஊஞ்சல். கட்டில். எதிலும் ஆள் இல்லை.

சுவருக்கு அப்பால் சலவை இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அப்போதுதான் கேட்டது. மூக்கடைத்த குழந்தை தூக்கத்தில் இழுப்பதுபோல், மெல்ல ஒரு மூச்சு. கித்தானிலிருந்து.

கத்தியை எடுத்தாள். நெற்றியில் தொடங்கினாள். வெள்ளை உரிந்தது. ஒரு கண் தெரிந்தது. அது கத்தியைப் பார்த்தது.

"இதோ கண்ணு, இதோ."

கன்னத்தில் இழுத்தாள். வெள்ளையோடு கன்னமும் வந்துவிட்டது. கத்தியில் ஈரமாக. கன்னம் இருந்த இடத்தில் கித்தானின் வெறும் நூலிழை.

கை நின்றது. இன்னும் வழித்தால் முகம் போய்விடும். வழிக்காவிட்டால் மூச்சு...

வாய் இருக்க வேண்டிய இடத்தில் அந்த வெள்ளைத் தோல் உப்பியது. உள்வாங்கியது. உப்பியது. உள்வாங்கியது. கண் அவளையே பார்த்தது.

உள்வாங்கியது.

அப்படியே இருந்தது.